பால்கனியில் காய்கறித் தோட்டம்: ஆராய்ச்சி மாணவருக்குக் கை கொடுக்குமா?

அலங்காநல்லூர் என்றதும் ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். பொங்கல் முடிந்ததும் வாடிவாசலைப் பார்க்க ஜனங்கள் வந்து குவிவார்கள். 2017-ம் ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கேட்டு மாணவர்களும் இளைஞர்களும் இரவு பகலாக உட்கார்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று.

காளையை அடக்குவது வருஷத்துக்கு ஒரு நாள். மாதச் செலவை அடக்குவதோ முப்பது நாளும் நடக்கும் காரியம். அதுவும் வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, தானே சமைத்துச் சாப்பிட்டு, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு அது லேசான வேலை அல்ல.

"பால்கனியில் நாலு பை வைத்து, காய்கறி பயிரிடுங்கள். செலவு குறையும்" என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். அரசாங்கமும் அதற்கு மானியம் கொடுத்தது.

உண்மையில் செலவு குறையுமா? எவ்வளவு குறையும்? அதை நம்பி ஒரு மாணவர் இருக்க முடியுமா?

வயல் சூழ்ந்த ஊரில் பை எதற்கு?

அலங்காநல்லூர் மதுரைக்கு வடக்கே இருக்கும் பேரூராட்சி. ஊரைச் சுற்றி நெல் வயல்; கரும்புத் தோட்டம்; தென்னந்தோப்பு. 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் மதுரைச் சீமைக்கு வாழ்வு கொடுத்தது.

இப்படிப்பட்ட ஊரில் பையில் மண் நிரப்பிக் காய்கறி வளர்ப்பானேன் என்று கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. வயல் இருப்பது ஊருக்கு. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இருப்பது ஓர் அறை. அதற்கு முன்னால் இரண்டு முழம் அகலத்தில் ஒரு பால்கனி. அவ்வளவுதான்!

தினமும் வேண்டிய காய்கறியோ பரவை, மாட்டுத்தாவணி போன்ற மொத்த மார்க்கெட்டுகளில் இருந்து கடைக்கு வருகிறது. அங்கே விலை ஏறினால் தெருக்கடையிலும் ஏறும்.

விவசாயியும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் உழவர் சந்தை தமிழ்நாட்டில் முதன் முதலில் தொடங்கியது மதுரையில்தான். 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அண்ணாநகரில் அது திறக்கப்பட்டது. அங்கே விலை மலிவு. ஆனால் அது காலை நேரச் சந்தை. காலையில் பல்கலைக் கழகத்துக்குப் பஸ் பிடிக்க ஓடுகிறவர், தினமும் சந்தைக்குப் போய் வர முடியுமா?

தக்காளி படுத்திய பாடு

காய்கறி விலை எப்படிப் பாடாய்ப் படுத்தும் என்பதை 2023-ம் ஆண்டு காட்டியது.

அந்த ஆண்டு ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 200 ரூபாய்க்கு விற்ற இடங்களும் உண்டு. தமிழக அரசு கிலோ 60 ரூபாய் என்று ரேஷன் கடையில் தக்காளி விற்றது. முதலில் சென்னையில் விற்றார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி முதல் மாநிலம் முழுவதும் 500 கடைகளில் விற்றார்கள்.

அந்த ஜூலையில் நாடு முழுவதும் காய்கறி விலை, முந்திய ஆண்டு ஜூலையைவிட 37 சதவீதம் உயர்ந்திருந்தது என்று மத்திய அரசின் புள்ளிவிவரம் சொன்னது.

"அப்படியானால் வீட்டிலேயே தக்காளி போட்டுவிட வேண்டியதுதானே?" என்று அப்போது பலர் நினைத்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. தக்காளி விதை போட்டு, நாற்று விட்டு, எடுத்து நட்டு, பழம் பறிக்க ஏறக்குறைய 3 மாதம் ஆகும். விலை ஏறிவிட்டதே என்று ஜூலையில் விதைத்தவர் அக்டோபரில்தான் பழம் பறிப்பார். ஆனால் செப்டம்பரிலேயே தக்காளி விலை தலைகுப்புற விழுந்துவிட்டது. கட்டுப்படியாகாமல் பழத்தை ரோட்டில் கொட்டினார்கள் விவசாயிகள்!

ஆகவே, விலை ஏறும்போது பார்த்து விதைத்தால் பால்கனித் தோட்டம் உதவாது. எப்போதும் வேண்டிய பொருளை எப்போதும் வளர்க்க வேண்டும். இது முதல் பாடம்.

மாணவர் கையில் எவ்வளவு?

ஆராய்ச்சி மாணவர் என்றால் கை நிறையப் பணம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை.

"நெட்" என்னும் தேசியத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றவர்களுக்கு மத்திய அரசின் உதவித் தொகை உண்டு. 2014-ல் அது மாதம் 25 ஆயிரம் ரூபாய். உயர்த்தித் தரும்படி நாடு முழுவதும் ஆராய்ச்சி மாணவர்கள் போராடினார்கள். 2019-ல் அது 31 ஆயிரம் ஆனது. 2023 ஜனவரி முதல் 37 ஆயிரம் ஆனது. முதல் 2 ஆண்டுக்கு இந்தத் தொகை. பிறகு 42 ஆயிரம்.

இந்தத் தேர்வில் உதவித் தொகைக்கான இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? மத்தியப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்திருந்தால் மாதம் 8 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மாநிலப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் முழு நேர ஆராய்ச்சி செய்தால் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் அதுவும் 8 ஆயிரத்துச் சொச்சம்தான்.

அறை வாடகை, பஸ், புத்தகம், அச்சுச் செலவு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. உதவித் தொகை சில சமயம் மாதா மாதம் வருவதில்லை. சேர்த்து வைத்து எப்போதோ வருகிறது. மளிகைக் கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

சாப்பாட்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள். காய் இல்லாமல் ரசம், மோர், ஊறுகாய் என்று நாள் ஓடுகிறது.

இதனால் உடம்பு கெடுகிறது. பெரியவர் ஒருவர் நாள் ஒன்றுக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம் சாப்பிட வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை என்று 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. படிக்கும் பெண்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

மானியத்தில் வந்த 6 பைகள்

மாடித் தோட்டத்துக்குத் தமிழக அரசு உதவுவது புதிது அல்ல. 2013-ல் முதல்-அமைச்சர் ஜெயலலிதா காலத்தில் சென்னைக்கும் கோவைக்கும் "நீங்களே செய்து பாருங்கள்" என்ற திட்டம் வந்தது.

பிறகு 2021-22-ல், முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அரசு "ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்" என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அப்போது நகரவாசிகளுக்கு 900 ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் 225 ரூபாய்க்குக் கிடைத்தன. என்னென்ன?

வளர்ப்புப் பை 6. தென்னை நார்க் கட்டி 6. காய்கறி விதை 6 வகை. உயிர் உரம். நோய்த் தடுப்புக்கு உயிர் மருந்து. பூச்சிக்கு வேப்ப எண்ணெய்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு 12 வகைக் காய்கறி விதை 15 ரூபாய்க்குக் கிடைத்தது. முருங்கை, கறிவேப்பிலை, புதினா, எலுமிச்சை, பப்பாளி போன்ற 8 செடிகள் 25 ரூபாய்க்குக் கிடைத்தன.

தென்னை நார்க் கட்டி எதற்கு? செங்கல் போல இறுகி இருக்கும் அதைத் தண்ணீரில் ஊற வைத்தால் பல மடங்கு உப்பும். மண்ணைவிடக் கனம் குறைவு. மாடிக்குப் பாரம் ஏறாது. ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதில் செடிக்கு வேண்டிய சத்து அதிகம் இல்லை. ஆகவே மக்கிய எருவோ மண்புழு உரமோ கலக்காமல் விதைத்தால் செடி வெளிறிப் போகும். முதல் தடவை தோற்றுப் போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

6 பைகள் என்ன தரும்?

ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் என்றால் மாதத்துக்கு 12 கிலோ. 6 பைகளில் மாதம் 12 கிலோ காய் விளையாது. விளையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெண்டைச் செடி விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒரு செடியில் ஒரு நேரத்துக்கு ஒரு காய், இரண்டு காய்தான் இருக்கும். பொரியலுக்கு 15 காயாவது வேண்டாமா? கத்தரியும் அப்படித்தான். சுரை, பீர்க்கு, புடலைக்குப் பந்தல் வேண்டும். பால்கனியில் பந்தல் போட்டால் துணி எங்கே காயப் போடுவது?

பிறகு எதைத்தான் வளர்ப்பது?

கீரை! அதிலும் எல்லாக் கீரையும் அல்ல.

கீரையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பிடுங்கினால் முடிந்து போகும் கீரை. சிறுகீரையும் முளைக்கீரையும் 25, 30 நாளில் தயாராகும். ஒரு பையில் ஒரு வேளைக்குத்தான் வரும். மறுபடி விதைக்க வேண்டும்.

இன்னொன்று, கிள்ளக் கிள்ளத் தளிர்க்கும் கீரை. பசலைக் கொடி, பொன்னாங்கண்ணி, புதினா, கறிவேப்பிலை எல்லாம் இந்த ஜாதி. பசலைக் கொடி பால்கனிக் கம்பியிலேயே ஏறிக்கொள்ளும். பொன்னாங்கண்ணித் தண்டை ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும். விதைக்குக் காசு இல்லை.

இடம் சிறியதாக இருந்தால் இந்த இரண்டாம் ஜாதிதான் லாபம். கூடவே ஒரு பையில் பச்சை மிளகாய் இருந்தால் போதும்.

இப்போது கணக்குப் போடலாம். ஒருவர் சமையலுக்கு வாரத்தில் 2 நாள் கீரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக் கீரைக்கு 15 ரூபாய் என்றால் மாதம் 120 ரூபாய். புதினா, கறிவேப்பிலை, மிளகாய்க்கு 80 ரூபாய். மொத்தம் 200 ரூபாய் மிச்சம்.

200 ரூபாய் சிறு தொகைதான். ஆனால் பை வாங்கிய மானிய விலை 225 ரூபாய் ஒன்றரை மாதத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், வாரத்தில் இரண்டு நாள் தட்டில் கீரை விழுகிறது. கடையில் வாங்க வேண்டும் என்றால் "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவார். வாசலில் தளிர்த்து நிற்கும் கீரையைத் தள்ளிப் போட மனம் வராது!

ஒரு நாள் வேலை

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அலங்காநல்லூரில் தங்கி மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மதுரைக்கு ஒரு பஸ். அங்கிருந்து நாகமலைப் பக்கம் போக இன்னொரு பஸ். சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் டிக்கெட் இல்லை. காசு மிச்சம், ஆனால் நேரம் மிச்சம் இல்லை.

காலையில் அரிசி கழுவிய தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் பைகளில் ஊற்ற வேண்டும். இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல இருந்தால் அது மாவுப் பூச்சி. முதல் நாளே துடைத்துவிட்டால் போயிற்று. விட்டால் பரவும். அப்போது வேப்ப எண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, தண்ணீர் விட்டுத் தெளிக்க வேண்டும். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும்.

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 104 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் மாலையிலும் தண்ணீர் விட வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் செடி வாடிவிடும். பக்கத்து அறைத் தோழியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கீரையில் அவருக்கும் பங்கு கொடுத்தால் அவரே தண்ணீர் ஊற்றுவார்!

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கோடையில் ஆரம்பிக்க வேண்டாம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி பைக்கும் பொருந்தும்.

சந்தேகம் வந்தால் கேட்க இடம் உண்டு. மதுரை ஒத்தக்கடையில் 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒன்றியம் தோட்டக்கலைத் துறை அதிகாரிகள் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?

வாடகை வீட்டில் பெரிய கேள்வி இதுதான். "தளம் ஓதம் பிடிக்கும். தண்ணீர் கீழே சொட்டும்" என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

பையை நேராகத் தரையில் வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் தட்டு வைக்க வேண்டும். தட்டில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசு அதில் முட்டை இடும். கீரைக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலை விலைக்கு வாங்கக் கூடாது.

முதல் பறிப்பை வீட்டுக்கார அம்மாவிடம் கொண்டு போய்க் கொடுப்பதும் நல்லது. சண்டை பாதி குறையும்.

பிற நாடுகளில் நடந்தது என்ன?

கஷ்ட காலத்தில் ஜனங்களைத் தோட்டம் போடச் சொல்வது எல்லா அரசாங்கங்களும் செய்ததுதான்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. நம் நாட்டில் 1965-ல் உணவுப் பஞ்சம் வந்தது. பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, தமது வீட்டுப் புல் தரையையே உழுது பயிரிட்டுக் காட்டினார். வாரத்தில் ஒரு வேளை உணவை விடும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்.

இலங்கையில் 2022-ல் அன்னியச் செலாவணி தீர்ந்து, உணவுக்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு வந்தது. அரசாங்க ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு விட்டார்கள்.

இவற்றில் இருந்து தெரிவது என்ன? அமெரிக்காவில் தோட்டத்தோடு ரேஷனும் இருந்தது. சாஸ்திரி தோட்டம் போட்டதோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் இருந்து தானியம் வந்தது. புதிய கோதுமை விதைக்கும் ஏற்பாடு நடந்தது. இலங்கையிலோ வெள்ளிக்கிழமை லீவு பொருளாதார நெருக்கடியைத் தீர்க்கவில்லை. வெளியில் இருந்து கடன் உதவி வந்த பிறகே நிலைமை மெல்லத் திரும்பியது.

தோட்டம் துணைக்கு வரும். தோட்டம் மட்டுமே காப்பாற்றாது.

40 மாதக் கணக்கு

நமது ஆராய்ச்சி மாணவருக்கும் இதே கணக்குதான்.

தோட்டத்தால் மாதம் 200 ரூபாய் மிச்சம். 8 ஆயிரம் ரூபாய் உதவித் தொகை ஒரு மாதம் வராமல் போனால், அந்த ஒரு மாதத்தை ஈடு கட்ட 40 மாதம் கீரை வளர்க்க வேண்டும்! முழு டாக்டர் பட்டப் படிப்புக்கே குறைந்த காலம் 3 ஆண்டு, அதாவது 36 மாதம்தான்.

ஆகவே, "உதவித் தொகை தாமதமாகிறதா? தோட்டம் போடு" என்று மாணவரிடம் சொல்வது சரி அல்ல. தொகையை மாதம் தவறாமல் கொடுப்பது கொடுக்க வேண்டியவர்கள் பொறுப்பு. தேர்வில் இடம் கிடைக்காத மாணவரும் சாப்பிட வேண்டும் என்பதை நினைத்துத் திட்டம் போடுவது அரசாங்கங்களின் பொறுப்பு.

மானியத் திட்டத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். சொந்த மாடி உள்ளவருக்குத் தோட்டம் போடுவது சுலபம். மாடி இல்லாதவருக்குத்தான் கீரை அதிகம் தேவை. மாணவர் விடுதிகளின் மொட்டை மாடி பல இடங்களில் சும்மா கிடக்கிறது. அங்கே பைகளை வைத்து, விடுதிச் சமையலுக்குக் கீரை வளர்த்தால், ஒருவர் லீவில் போனாலும் இன்னொருவர் தண்ணீர் ஊற்றுவார். ஒரே பால்கனியில் 6 பை வைப்பதைவிட, ஒரே மாடியில் 200 பை வைப்பதில் பலன் அதிகம்.

அதுவரை பால்கனியை வெறுமையாக விடவும் வேண்டியதில்லை. 6 பைகூட வேண்டாம். இரண்டு பை போதும். ஒன்றில் பசலை, இன்னொன்றில் பொன்னாங்கண்ணி. தக்காளி, வெண்டை எல்லாம் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.